ஃப்ளோரிடா ஸ்பிரிங்ஸ்: நீச்சல் தெரியாத குடும்பம் எங்க இறங்கலாம், எங்க கயாக் ஓட்டலாம்?

அடுத்த கேள்வி. அட்லாண்டாவுல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "ஜூலை மாசம் ஆர்லாண்டோ வர்றோம். ஒரு நாள் ஸ்பிரிங்ஸ்ல குளிச்சு, கயாக்கும் ஓட்டலாம்னு ஆசை. பசங்க ரெண்டு பேர், 5 வயசு, 11 வயசு. எனக்கு நீச்சல் சுமாரா தெரியும், வீட்டுக்காரருக்கு சுத்தமா தெரியாது. கயாக் யாருமே ஓட்டினதில்ல. எந்த இடம் போகலாம்? முதலை பயம் இல்லையா?"

நல்ல கேள்வி. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். யூடியூப்ல அழகா தெரியுற ஸ்பிரிங் எல்லாம் எல்லாருக்கும் ஏத்த ஸ்பிரிங் கிடையாது. ஃப்ளோரிடாவுல 1,000-க்கு மேல ஊத்து இருக்கு. சிலது குளிக்க நல்லது, சிலது கயாக், அதாவது சின்னத் துடுப்புப் படகு, ஓட்ட மட்டும்தான் நல்லது, சிலதுல ஸ்கூபா ஆளுங்களை, அதாவது காத்து சிலிண்டரோட முங்குறவங்களைத் தவிர மத்தவங்களுக்கு வேலையே இல்ல. இதைப் பிரிச்சுப் பார்க்காம கிளம்புறதுலதான் பாதி பேருக்கு அந்த நாள் வீணாகுது.

உதாரணத்துக்கு சில்வர் ஸ்பிரிங்ஸ். கண்ணாடி அடித்தளம் போட்ட படகு ஓடுமே, அந்த இடம். அங்க கயாக் அருமையா இருக்கும், ஆனா ஊத்துல இறங்கிக் குளிக்க அனுமதி கிடையாது. நீச்சல் டிரஸ் போட்டுட்டு வந்து கரையில நிக்கிற குடும்பங்கள் நிறைய. ரெயின்போ ஸ்பிரிங்ஸ்ல குளிக்கலாம், ஆனா இறங்கினதுமே ஆழம். உங்க வீட்டுக்காரருக்கு அது ஒத்து வராது. ஜூனிபர் ஸ்பிரிங்ஸ் ஓடை பார்க்க சொர்க்கம்தான், ஆனா 7 மைல், குறுகலான வளைவு, விழுந்து கிடக்கிற மரம், நடுவுல வெளிய வர வழி இல்ல. முதல் தடவை துடுப்பு பிடிக்கிறவங்க 5 வயசுக் குழந்தையோட அங்க போகவே கூடாதுன்னு தெளிவா சொல்றேன்.

உங்களுக்கு என் சிபாரிசு அலெக்சாண்டர் ஸ்பிரிங்ஸ். ஒக்காலா நேஷனல் ஃபாரஸ்ட் உள்ள இருக்கு, ஆர்லாண்டோவுல இருந்து சுமார் ஒரு மணி நேர டிரைவ். மணல் கரை மெதுவா சரிஞ்சு போகுது. முழங்கால் தண்ணியில சின்னவன் விளையாடலாம், இடுப்பளவுல வீட்டுக்காரர் நிக்கலாம், பெரியவன் லைஃப் ஜாக்கெட்டும் ஸ்னார்க்கலும் (மூச்சு விடுற குழாய்) மாட்டிட்டு மேலாக மிதந்து மீன் பார்க்கலாம். அங்கயே கனூ (மேல திறந்த நீளமான துடுப்புப் படகு) வாடகைக்கு கிடைக்கும், ஓடையும் அகலம், ஓட்டம் மெதுவு. காட்டுக்குள்ள போன் சிக்னல் நம்ப முடியாது. மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க.

அவ்வளவு தூரம் வேண்டாம்னா ஆர்லாண்டோ பக்கத்துலயே வெக்கீவா ஸ்பிரிங்ஸ் இருக்கு. அங்க கூட்டம்தான் பிரச்சனை. ஸ்டேட் பார்க் எல்லாம் காலைல 8 மணிக்குத் திறக்கும். கோடை வார இறுதியில கார் நிறுத்த இடம் நிரம்பினதும் கேட்டை மூடிடுவாங்க, சில நாள் 10 மணிக்கு முன்னாடியே. 7:30-க்கு வரிசையில நில்லுங்க, இல்லன்னா செவ்வாய், புதன் மாதிரி நாள்ல போங்க. ஜூலை 4 வார இறுதியில மட்டும் போயிடாதீங்க. கட்டணம் பெருசா இல்ல, பெரும்பாலான ஸ்டேட் பார்க்ல ஒரு காருக்கு 4-ல இருந்து 6 டாலர், 8 பேர் வரைக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி அந்தந்த பார்க்கோட பக்கத்துல அன்னைக்கு மூடியிருக்கா, முன்பதிவு கேட்கிறாங்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

இப்ப தண்ணி. வருஷம் பூரா 72 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல சுமார் 22 டிகிரி செல்சியஸ். பூமிக்கு அடியில சுண்ணாம்புப் பாறைக்குள்ள ஓடி வர்றதால ஜூலையிலயும் அதே, ஜனவரியிலயும் அதே. வெளிய 95 டிகிரி வெயில்ல நின்னுட்டு இறங்கும்போது ஐஸ் மாதிரி இருக்கும். சட்டுனு குதிக்காதீங்க. குளிர் திடீர்னு படும்போது தன்னிச்சையா மூச்சை இழுப்போம், அந்த நேரத்துல தலை தண்ணிக்குள்ள இருந்தா வினை. கால், இடுப்பு, தோள்னு ஒரு நிமிஷம் எடுத்துட்டு இறங்குங்க. சின்னக் குழந்தைங்க 20 நிமிஷத்துலயே நடுங்க ஆரம்பிக்கும். உதடு நீலமாகுதுன்னா வெளிய எடுத்து, துடைச்சு, வெயில்ல உட்கார வைங்க. 2 மில்லிமீட்டர் அரைக்கை வெட்சூட், அதாவது குளிர் தாங்குற ரப்பர் நீச்சல் உடை, ஒண்ணு போட்டா சின்னவன் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவான். காட்டன் சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் வேண்டாம். நனைஞ்சதும் எடை கூடும், வெளிய வந்தாலும் காயாம குளிரும். உடம்பு மூடணும்னா முழுக்கை ரேஷ் கார்டும் (சீக்கிரம் காயுற நீச்சல் சட்டை) நீச்சல் லெக்கிங்ஸும் போடுங்க. சன்ஸ்கிரீன் பூசுற இடமும் குறையும், ஊத்துக்குள்ள எண்ணெய் மிதக்காது.

அடுத்தது, தண்ணி தெளிவா இருக்கிறதே ஒரு ஆபத்து. இதை யாரும் சொல்றதில்ல. ஒளி விலகல்னால ஆழம் முக்கால் பங்குதான் தெரியும். 20 அடி ஆழத்தை மேல இருந்து பார்த்தா 15 அடி மாதிரி இருக்கும். 6 அடி தண்ணி நாலரை அடி மாதிரி தெரியும். நின்னுடலாம்னு நினைச்சு கால் வைக்கிறவங்க முழுகிடுவாங்க. நீச்சல் தெரியாதவர் இறங்கும்போது கண்ணை நம்பாம, ஒவ்வொரு அடியும் காலால தடவிப் பார்த்துத்தான் போகணும். பெரும்பாலான இடத்துல லைஃப்கார்ட் கிடையாது.

கையில மாட்டுற காத்துப் பை, மிதக்குற டோனட், இதெல்லாம் பாதுகாப்பு இல்ல. கோஸ்ட் கார்ட் அங்கீகாரம்னு லேபிள் இருக்கிற லைஃப் ஜாக்கெட்தான். வயசைப் பார்த்து வாங்காதீங்க, எடையைப் பாருங்க: 30-ல இருந்து 50 பவுண்ட் வரைக்கும் சைல்ட் சைஸ், 50-ல இருந்து 90 வரைக்கும் யூத் சைஸ். எல்லா பக்கிளும் மாட்டினதுக்கு அப்புறம் தோள் பட்டையைப் பிடிச்சு மேல தூக்குங்க. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினா பெருசு, மாத்துங்க. சின்னக் குழந்தைக்கு தொடைக்கு நடுவுல போற பட்டை இருக்கிறதா பாருங்க.

ஊத்து வாய்க்குள்ள, அந்த நீலமான குகைக்குள்ள, மூச்சைப் பிடிச்சுட்டு எட்டிப் பார்க்குற வேலை யாருக்கும் வேண்டாம். குகை டைவிங்ல பயிற்சி எடுத்த ஸ்கூபா ஆளுங்களுக்கே அது தனி உலகம். சில குகை வாசல்ல எச்சரிக்கைப் பலகையில எமன் படமே வரைஞ்சிருப்பாங்க. அதே மாதிரி, நல்லா நீந்துறவங்க ஆழம் போறதுக்காக வேக வேகமா மூச்சு வாங்கிட்டு முங்குவாங்க. அப்படிச் செஞ்சா கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு, மூச்சு முட்டுற உணர்வே வராம மயக்கம் வந்துடும். உங்க 11 வயசுப் பையன் யார் கூடவாவது போட்டி போட்டு முங்குறானான்னு கவனிங்க.

சரி, படகு. உங்களுக்கு சிட்-ஆன்-டாப் கயாக் நல்லது. மேல உட்கார்ற வகை, கவிழ்ந்தாலும் உள்ள மாட்டிக்க மாட்டீங்க. ஒரு பெரியவர் ஒரு குழந்தைன்னு ரெண்டு டேண்டம், அதாவது ரெண்டு பேர் உட்கார்ற கயாக், எடுங்க. எடை கூடினவர் பின்னாடி. முன்னாடி இருக்கிறவர் தாளம், பின்னாடி இருக்கிறவர் திசை. முன்னாடி ஆள் இடது போட்டா பின்னாடியும் இடது, இல்லன்னா துடுப்பு ரெண்டும் முட்டிக்கும். துடுப்போட குழிவான பக்கம் உங்களைப் பார்த்து இருக்கணும். பாதிப் பேர் திருப்பிப் பிடிச்சுட்டு "ஏன் நகர மாட்டேங்குது"ன்னு கேட்பாங்க. கையால இழுக்காம இடுப்பைத் திருப்பி இழுங்க, தோள்வலி வராது.

நேரக் கணக்கு ரொம்ப முக்கியம். புதுசா ஓட்டுறவங்க சும்மா நிக்கிற தண்ணியில மணிக்கு 2 மைல் போவாங்கன்னு வைங்க. ஆத்துத் தண்ணியோட ஓட்டம் மணிக்கு 1 மைல்னு வைங்க. கீழ்நோக்கி போகும்போது 3 மைல் வேகம், திரும்பி மேல வரும்போது 1 மைல்தான். ரெண்டு மணி நேரம்னு வாடகைக்கு எடுத்தீங்கன்னா, ஒரு மணி நேரத்துல திரும்பினா மாட்டிக்குவீங்க. அரை மணி நேரத்துல திரும்பணும். அரை மணியில ஒன்றரை மைல் போயிருப்பீங்க, அதைத் திரும்ப ஏற ஒன்றரை மணி ஆகும். சில்வர் ஸ்பிரிங்ஸ்ல ஊத்துக்குப் பக்கத்துலயே படகு இறக்குறதால முதல்ல கீழ்நோக்கிதான் போவீங்க, இந்தக் கணக்கு அங்க அப்படியே பொருந்தும். ரெயின்போ ஆத்துல கேபி ஹோல்னு ஒரு கவுண்டி பார்க் இருக்கு, அங்க இறக்கினா முதல்ல எதிர்நீச்சல், திரும்பும்போது சும்மா மிதந்து வரலாம். புதுசா ஓட்டுறவங்களுக்கு அப்படிப் போறதுதான் நல்லது. களைச்சுட்டா அங்கயே திருப்பிட வேண்டியதுதான்.

கவிழ்றதுக்கு முக்கியக் காரணம், கிளையைப் பிடிக்கிறது. மரத்துப் பக்கம் படகு போகும், பயத்துல கை தானா கிளையைப் பிடிக்கும், படகு கீழ ஓடிடும், ஆள் தொங்குவார். கிளையைத் தொடாதீங்க, குனிஞ்சு போங்க. விழுந்த மரத்துல பக்கவாட்டா மோதிட்டா, பயந்து மறுபக்கம் சாயாதீங்க. மரத்துப் பக்கமே சாயுங்க, கட்டையைக் கையால தள்ளி விலகுங்க. எதிர்ப்பக்கம் சாஞ்சா தண்ணி படகோட ஓரத்துல ஏறிக் கவுத்துடும். விழுந்துட்டா படகோட பக்கவாட்டுல வந்து, காலை உதைச்சு வயித்தால மேல ஏறி, புரண்டு உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ள வைங்க. கரையோர ஆழமில்லாத இடத்துல ஒரு தடவை பழகிட்டே கிளம்புங்க.

சட்டம்னு பார்த்தா, படகுல ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கணும். 6 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை போட்டே இருக்கணும், உங்க சின்னவன் அதுல வருவான். நீந்தத் தெரியாத வீட்டுக்காரரும் போட்டுக்கட்டும், அதுக்கு சட்டம் தேவையில்ல. ஒரு விசில் கட்டாயம். போனும் கார் சாவியும் டிரை பேக்ல (தண்ணி புகாத பை), அந்தப் பை படகுல கட்டி. ஜூனிபர், ரெயின்போ, இச்செடக்னி மாதிரி ஓடைகள்ல தூக்கி எறியுற பாட்டில், டப்பா எதுவும் கூடாது, இச்செடக்னியில சாப்பாடே கூடாது. மறுபடி பயன்படுத்துற தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. வீக்கி வாச்சியில படகைக் கரையில ஒதுக்கக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது. ஓடையில வளர்ற புல்லு பிடுங்கிட்டுப் போறதைத் தடுக்கத்தான் அந்த விதி.

இப்ப முதலை. இருக்கு. ஃப்ளோரிடாவுல நன்னீர் எங்கயும் இருக்கலாம்னே வைங்க. குளிக்கிறதுக்குன்னு கயிறு கட்டி ஒதுக்கின இடத்துல, பகல்ல மட்டும் இறங்குங்க. அந்தி, இருட்டுல வேண்டாம், அதுதான் அது இரை தேடுற நேரம். நாய் கூட்டிட்டுப் போகாதீங்க. கயாக்ல பார்த்தா 60 அடியாவது தள்ளி, ஓடையோட மறுகரைப் பக்கமா போங்க. ஜூலையில பெண் முதலை கரையோரத்துல முட்டையைக் காவல் காக்கும், அதனால நாணல், புதருக்குள்ள படகை நுழைக்காதீங்க. சீறல் சத்தம் கேட்டா படகைத் திருப்பாம அப்படியே பின்னோக்கித் துடுப்பு போடுங்க. சில்வர் ஆத்துல குரங்கும் இருக்கு. தீனி போடுறது சட்டப்படி தப்பு.

மூளையைத் தின்னுற அமீபா பத்தி இன்னும் சிலர் கமென்ட்ல கேட்டிருந்தாங்க. அதுக்கு சூடான தண்ணிதான் பிடிக்கும், கோடையில சூடேறின ஏரி, குட்டை. 22 டிகிரி செல்சியஸ் ஊத்துல வாய்ப்பு ரொம்பக் கம்மி, பூஜ்யம்னு சொல்ல மாட்டேன். மூக்கு வழியாத்தான் ஏறும், குடிச்சா வராது. பயமா இருந்தா மூக்கு கிளிப் போதும், அடிமண்ணைக் கிளறாதீங்க.

நான் அதைவிட மின்னலுக்குத்தான் பயப்படுவேன். ஜூலையில மத்தியானம் 2 மணிக்கு மேல இடிமழை அநேகமா தினமும் எங்கயாவது வரும். இடி கேட்டதும் தண்ணியை விட்டு வெளிய வந்து காருக்குள்ள போங்க, மரத்தடியில நிக்காதீங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆனதும்தான் மறுபடி இறங்கணும். அதனால கயாக்கை காலைலயே முடிச்சுட்டு, குளியலை 11 மணிக்கு மேல வைங்க.

பெரு மழைக்கு அப்புறம் சுவானி, சாண்டா ஃபே ஆத்துப் பக்க ஸ்பிரிங்ஸ் போறதா இருந்தா போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. ஆத்து மட்டம் ஊத்தோட அழுத்தத்தைத் தாண்டினா, கறுப்புத் தேத்தண்ணி நிறத்துல ஆத்துத் தண்ணி ஊத்துக்குள்ளயே திரும்பிப் போகும். அன்னைக்கு உள்ளங்கை கூடத் தெரியாது. பல வாரம் கூட ஆகும் தெளிய. அலெக்சாண்டருக்கு அந்தப் பிரச்சனை பொதுவா இல்ல.

டிசம்பர்ல வர்றவங்களுக்கு ஒரு வரி. மேனட்டி, அதாவது கடல் பசு, பார்க்கணும்னா ஆரஞ்ச் சிட்டி பக்கம் ப்ளூ ஸ்பிரிங். தண்ணி 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ குளிர்ந்தா அதுக்கு உயிருக்கே ஆபத்து, அதனால கூட்டமா ஊத்துக்கு வரும். நவம்பர் நடுவுல இருந்து மார்ச் வரைக்கும் அங்க குளிக்கவும் படகு விடவும் மூடியிருப்பாங்க, மரப்பாலத்துல நின்னு பார்க்கலாம். தண்ணியில இறங்கிப் பார்க்கணும்னா கிரிஸ்டல் ரிவர். துரத்தக் கூடாது, கை நீட்டிப் பிடிக்கக் கூடாது, சும்மா மிதந்து பார்க்கணும்.

அடுத்த கேள்வி டாம்பாவுல இருந்து வந்திருக்கு, காத்தடிக்கிற கயாக் வாங்கலாமான்னு கேட்டிருக்காங்க.