அலுமினியத்துல டிக் வெல்டிங்: முதல் சிலிண்டர் தீர்றதுக்குள்ள

வணக்கங்க. மேசை மேல என்ன இருக்குன்னு முதல்ல காட்டிர்றேன். 3 மில்லி அலுமினியப் பட்டை, ஒவ்வொண்ணும் ஒரு சாண் நீளம். ஒரு பாட்டில் அசிட்டோன். புது எஸ்எஸ் பிரஷ், இது இரும்பைத் தொட்டதே இல்ல. மேல ஓடிக்கிட்டிருந்த பேனை அணைச்சாச்சு. கத்திரி வெயில்ல சேலத்துல பேனை அணைச்சுட்டு முழுக்கைச் சட்டையோட உக்கார்றது தண்டனைதான், ஆனா வேற வழியில்லைங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

டிக்னா, டார்ச் நுனியில இருக்கற டங்ஸ்டன் ஊசிக்கும் பட்டைக்கும் நடுவுல ஆர்க் அடிச்சு, சுத்தி ஆர்கான் கேஸ் விட்டு உருக்கறது. நிரப்பற ராடை, அதாவது ஃபில்லரை, இன்னொரு கையால தனியா குடுக்கணும். இந்த வீடியோ பட்டறை வச்சிருக்கறவங்களுக்கு இல்ல. வீட்டு மாடியில, கார் ஷெட்ல பொழுதுபோக்கா கத்துக்கறவங்களுக்கு. இரும்புல ராடு வெல்டிங் கொஞ்சம் தெரியும், கண்ணாடி போட்டுக்கிட்டு ஆர்க் பாத்து பழக்கம் இருக்குன்னு வச்சுக்கறேன். அலுமினியம் வரமாட்டேங்குதுன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேருக்கு கையில குத்தம் இல்ல. ஆர்க் அடிக்கறதுக்கு முன்னாடியே வேலை கெட்டுப்போயிருக்கும். அழுக்கு, கேஸ், மெஷின் செட்டிங், இந்த மூணுலதான்.

முதல்ல அலுமினியம் ஏன் இப்படிப் படுத்துதுன்னு பாப்போம். நம்ம சேர்வராயன் மலையில பாக்சைட் வெட்டி, மேட்டூர் மால்கோவுல அலுமினியம் எடுத்தது சேலத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சதுதான். பாக்சைட்டுல இருந்து கிடைக்கறது அலுமினிய ஆக்சைடு. அதைப் பிரிக்க, கிரையோலைட்ல கரைச்சு, 950 டிகிரி கிட்ட வச்சு, கரண்ட் பாய்ச்சணும். ஒரு கிலோவுக்கு சுமாரா 14 யூனிட் கரண்ட் குடிக்கும். அவ்வளவு பாடுபட்டுப் பிரிச்ச அதே ஆக்சைடு, பட்டையை அரத்தால தேய்ச்ச அடுத்த நொடியே மறுபடி மேல படிஞ்சுரும். உள்ள இருக்கற உலோகம் 660 டிகிரியில உருகும். மேல இருக்கற தோல் உருக 2,050 டிகிரிக்கு மேல வேணும். அதனால உள்ள பாயசமா ஆகியிருக்கும், மேல தோல் அப்படியே பை மாதிரி பிடிச்சு நிக்கும். இரும்பு மாதிரி சிவந்தும் காட்டாது. நீங்க இன்னும் உருகலையேன்னு பாத்துக்கிட்டிருக்கும்போதே பொத்துன்னு கீழ விழுந்துரும்.

இந்தத் தோலை உடைக்கத்தான் ஏசி கரண்ட். டங்ஸ்டன் பிளஸ்ஸா இருக்கற அரைச் சுழற்சியில ஆக்சைடு உடையும், ஆனா சூடு டங்ஸ்டன் மேல ஏறும். மைனஸா இருக்கற அரைச் சுழற்சியில சூடு பட்டைக்குள்ள இறங்கும். ரெண்டும் மாறி மாறி வேணும்.

அதனால மெஷின் வாங்கும்போது ஒரு விஷயம். மேல டிக்னு எழுதியிருக்கற சின்ன இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின் பெரும்பாலும் டிசி மட்டும்தான். பின்பக்கம் ஏசி 230 வோல்ட்னு போட்டிருக்கறதைப் பாத்து ஏமாந்துராதீங்க, அது வீட்டுக் கரண்ட் உள்ள போறது. வெளிய வர்றது ஏசியா இருக்கணும். முன்பக்கம் ஏசி, டிசி மாத்தற சுவிட்ச் இருக்கணும். ஆர்க் தொடாம பத்திக்கற ஹெச்எஃப் ஸ்டார்ட் இருக்கணும். எஸ்எஸ் கைப்பிடி, கேட் செய்யற பட்டறையில டார்ச் பிடிக்கறதை நல்லா கத்துக்கலாம். அந்த டிசி செட்டிங்கை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்துருங்க.

200 ஆம்ப் மெஷின் பொழுதுபோக்குக்கு தாராளம். 3 மில்லி வரைக்கும்னா நல்ல 16 ஆம்ப் சாக்கெட்லயே ஓட்டிறலாம். முழு 200 ஆம்ப் இழுக்கணும்னா தனி லைன், 32 ஆம்ப் எம்சிபி, 4 ஸ்கொயர் மில்லி வயர் போட்டுருங்க. டியூட்டி சைக்கிள்னு ஒரு கணக்கு மெஷின் மேல இருக்கும். 40 சதவீதம்னா பத்து நிமிஷத்துல நாலு நிமிஷம் ஆர்க், மிச்சம் ஓய்வு. அந்தக் கணக்கே 40 டிகிரி வெயில்ல போட்டது. மே மாசத்துல தகரக் கூரைக்குக் கீழ அதைவிடக் கூட இருக்கும், அதனால இன்னும் கொஞ்சம் கம்மியா ஓட்டுங்க.

கேஸ். சுத்த ஆர்கான், 99.99க்கு மேல. கடையில போய் சும்மா ஆர்கான்னு கேட்டா சில இடத்துல மிக் வெல்டிங்குக்கு போற கலவை சிலிண்டர் வந்துரும், அதுல கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்கும். அதைப் போட்டா டங்ஸ்டன் முனை கண்ணு முன்னாடியே கருகிப்போகும். சுத்த ஆர்கானான்னு லேபிளைப் பாத்து வாங்குங்க. பெரிய சிலிண்டர்ல 7 கன மீட்டர். நிமிஷத்துக்கு 8 லிட்டர் போட்டா ஆர்க் நேரம் மட்டும் பதினாலு மணி நேரத்துக்கு மேல வரும். 10 லிட்டர் சின்ன சிலிண்டர்னா சுமாரா மூணு மணி நேரம். கேக்க கம்மியா இருக்கும், ஆனா கத்துக்கறவர் ஒரு நாளைக்கு பதினஞ்சு நிமிஷம் ஆர்க் அடிச்சாலே பெரிய விஷயம். மிச்ச நேரமெல்லாம் துடைக்கறதும் சாணை பிடிக்கறதும்தான். சிலிண்டரை நிமிர்த்தி சங்கிலி போட்டுக் கட்டுங்க. ஜாயிண்ட் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. ஆர்கான் காத்தைவிட கனம், மணம் கிடையாது. மூடின சின்ன ரூம்ல, தரைக்குக் கீழ இருக்கற குழியில இந்த வேலை வேண்டாம்.

கதவு ஜன்னல் திறந்திருக்கணும், ஆனா காத்து நேரா ஆர்க் மேல அடிக்கக் கூடாது. பேன் சுத்தினா ஆர்கான் போர்வை கலைஞ்சுரும், குட்டை, அதாவது ஆர்க்குக்குக் கீழ உருகி நிக்கற உலோகம், கறுத்துரும். காத்து இருக்குன்னு கேஸைக் கூட்டி 15, 20 லிட்டர் வைக்கறாங்க. அது இன்னும் மோசம். வேகமா வர்ற கேஸ் சுழிச்சு, வெளிக்காத்தையும் உள்ள இழுத்துட்டு வரும். டார்ச் நுனியில கேஸ் வெளிய வர்ற பீங்கான் கப் 7ஆம் நம்பர், கேஸ் 8 லிட்டர். போதும்.

டங்ஸ்டன் 2.4 மில்லி, நீல முனை, அதாவது 2 சதவீதம் லாந்தனம். சிவப்பு முனையில தோரியம் இருக்கு, கதிரியக்கப் பொருள். சாணைத் தூளை மூச்சுல இழுக்க வேண்டாம், நமக்கு அது தேவையும் இல்ல. பச்சை முனை பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினுக்கு ஒத்துவரும், இன்வர்ட்டருக்கு வேண்டாம். பென்சில் சீவற மாதிரி சீவி, நுனியை மட்டும் லேசா மழுக்கிருங்க. சாணைக் கோடு நீளவாக்குல ஓடணும், குறுக்க ஓடினா ஆர்க் அலையும். டங்ஸ்டனுக்குன்னு ஒரு தனி சாணைக்கல் வச்சுக்குங்க. கப்புல இருந்து 5, 6 மில்லி வெளிய நீட்டினா போதும்.

இப்ப துடைக்கறது. இதுலதான் அவசரப்படறாங்க. முதல்ல அசிட்டோன்ல எண்ணெய், கைரேகை எல்லாம் போகத் துடைக்கணும். அப்புறம் எஸ்எஸ் பிரஷ். அப்புறம் மறுபடி அசிட்டோன். வரிசையை மாத்தி முதல்ல பிரஷ் போட்டா, எண்ணெயை உலோகத்துக்குள்ள தேய்ச்சு ஏத்தற மாதிரி ஆயிரும். பிரஷை அழுத்தித் தேய்க்க வேண்டாம், ஒரே திசையில லேசா. ஃபில்லர் ராடையும் துடைக்கணுங்க, அதை யாரும் செய்யறதில்ல. வெள்ளைத் துணியில அசிட்டோன் ஊத்தி ராடை உருவிப் பாருங்க, துணி கறுப்பாகும். அந்தக் கறுப்பு அத்தனையும் குட்டைக்குள்ள போகவேண்டியது. பைக் கடையில விக்கற பிரேக் கிளீனர் ஸ்பிரேயை இதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. அதுல குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தா, ஆர்க் பட்டதும் பாஸ்ஜீன் உண்டாகும். அது விஷ வாயு. அசிட்டோன் தீப்பிடிக்கும், நல்லா காய்ஞ்சப்புறம்தான் ஆர்க், பாட்டில் தூரத்துல.

ஏற்காட்டுல இருந்து பாக்கறவங்களுக்கு இன்னும் ஒரு வேலை கூட. பனிமூட்டத்துல பட்டை மேல ஈரம் கண்ணுக்குத் தெரியாம படிஞ்சிருக்கும். அந்தத் தண்ணியில இருக்கற ஹைட்ரஜன்தான் வெல்டுல வர்ற ஊசி ஓட்டைக்குக் காரணம். உருகின அலுமினியம் ஹைட்ரஜனை நிறைய குடிக்கும். உறையும்போது அதுல இருபதுல ஒரு பங்கு கூட உள்ள நிக்காது, மிச்சம் குமிழாகி அப்படியே மாட்டிக்கும். அதனால ராடை மூடி போட்ட பிவிசி பைப்புல சிலிக்கா ஜெல்லோட வையுங்க. பட்டையை ஹாட் ஏர் கன் வச்சு கை தாங்கற சூட்டுக்குக் கொண்டுவாங்க. கேஸ் அடுப்பு வேண்டாம், எரிவாயு எரியும்போது வர்ற ஆவியே சில்லுன்னு இருக்கற உலோகத்துல தண்ணியா படியும்.

எந்தப் பட்டை வாங்கறது? அலுமினிய ஜன்னல் கடையில வெட்டுத் துண்டு ஓசியில கிடைக்கும், எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கறாங்க. வேண்டாங்க. அது பெரும்பாலும் ஒண்ணே கால் மில்லிதான், மேல அனோடைஸ் பூச்சு. அந்தப் பூச்சே கனமான ஆக்சைடு, கரண்ட் போகாது. எர்த் கிளாம்ப் மாட்டற இடத்துல கூட அரம் போட்டு எடுக்கணும். காயலான் கடைத் துண்டுல என்ன கலவைன்னே தெரியாது. 7075, 2024 மாதிரி நம்பர் கலவையா இருந்தா நீங்க எவ்வளவு நல்லா போட்டாலும் விரிசல்தான். ஒரு கிலோ ரெண்டு கிலோ 3 மில்லி 5052 தகடு காசு குடுத்து வாங்குங்க. ஃபில்லர் 5356, 2.4 மில்லி. 6061, 6063க்கு 4043. அதுல சிலிக்கான் 5 சதவீதம், குட்டை நல்லா ஓடும், விரிசல் கம்மி. ஆனா அப்புறம் அனோடைஸ் பண்ணப்போறீங்கன்னா 4043 கறுப்பா தெரியும், அப்ப அங்கயும் 5356தான்.

செட்டிங் சொல்றேன், பேனலைக் கிட்ட காட்டறேன். மில்லிக்கு 40 ஆம்ப் கணக்கு, 3 மில்லிக்கு 120. ஃப்ரீக்வென்சி 100. ஆர்க்குக்கு முன்னாடி கேஸ் வர்ற ப்ரீ ஃப்ளோ அரை நொடி, ஆர்க் நின்னப்புறமும் கேஸ் வர்ற போஸ்ட் ஃப்ளோ 12 நொடி. முடிக்கும்போது ஆம்ப் மெதுவா இறங்கற டவுன் ஸ்லோப் 3 நொடி. பேலன்ஸ்னு இருக்கு பாருங்க, ஆக்சைடு உடைக்கற பாதிக்கும் சூடு இறக்கற பாதிக்கும் நேரத்தைப் பிரிக்கறது. கிளீனிங், அதாவது ஆக்சைடு உடைக்கற பக்கம், 30 சதவீதம் வச்சிருக்கேன். இங்க ஒரு குழப்பம். சில மெஷின்ல இந்த எண் கிளீனிங்கைக் குறிக்கும், சிலதுல உள்ள இறங்கற சூட்டைக் குறிக்கும். உங்க மெஷின் எதுன்னு தெரியலைன்னா, எண்ணைக் கூட்டிப் பாருங்க. டங்ஸ்டன் முனை பெரிய உருண்டையா திரண்டா அது கிளீனிங். வெல்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு கரை விழும். அது 2, 3 மில்லி இருந்தா சரி. அதைவிட அகலமா இருந்தா கிளீனிங்கைக் குறைங்க.

முதல் நாள் ராடைத் தொடாதீங்க. டார்ச்சை 10, 15 டிகிரி பின்னாடி சாய்ச்சு, ஆர்க் நீளம் 3 மில்லிக்குள்ள வச்சு, ஒரே இடத்துல நில்லுங்க. முதல்ல மேல்பரப்பு மங்கும், அப்புறம் திடீர்னு கண்ணாடி மாதிரி பளிச்னு ஒரு வட்டம் திறக்கும். அதுதான் குட்டை. மூணு, அஞ்சு நொடிக்குள்ள திறக்கணும். பத்து நொடி ஆச்சுன்னா ஆம்ப் பத்தல. பயந்துக்கிட்டு ஆம்ப் குறைச்சு வைக்கறவங்களுக்குத்தான் பட்டை மொத்தமா சூடாகி ஓட்டை விழுது. கூட்டிவச்சு வேகமா நகருங்க. குட்டை சாம்பலா சுருங்கின தோலோட இருந்தா அழுக்கு, திரும்பப் போய் துடைங்க. அதுமேல ராடை விட்டா எதுவும் சரியாகாது.

ரெண்டாவது நாள் ராடு. தகட்டுக்கு 15, 20 டிகிரியில படுக்க வச்சு, குட்டையோட முன் விளிம்புல தொட்டு எடுக்கணும். ஆர்க்குக்குள்ள நீட்டினா தொடறதுக்கு முன்னாடியே உருண்டு சொட்டிரும். எடுத்த ராடு நுனி கப்போட கேஸ் வட்டத்தை விட்டு வெளிய போகக் கூடாது, போனா சூடா இருக்கற நுனியில ஆக்சைடு படியும். நகர்ற திசையில டார்ச் தள்ளிக்கிட்டேதான் போகணும், இழுக்கக் கூடாது. நாலு விரக்கடை போனதும் பட்டை சூடாயிருக்கும், குட்டை பெருசாகும். ஆம்பைக் கூட்டிக் குறைக்கற கால் பெடல் இருந்தா காலைத் தூக்கி 100 ஆம்புக்குக் கொண்டுவாங்க. இல்லைன்னா வேகத்தைக் கூட்டுங்க, இல்ல நிறுத்தி ஆறவிடுங்க. முடிக்கும்போது சட்டுனு விட்டா கடைசிக் குழியில நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும். டவுன் ஸ்லோப் இறங்கும்போது ஒரு சொட்டு ராடு குடுத்து முடிங்க. போஸ்ட் ஃப்ளோ நிக்கற வரைக்கும் டார்ச்சை எடுக்காதீங்க.

டங்ஸ்டன் குட்டையில முங்கிரும். எல்லாருக்கும் முங்கும். ஆர்க் சீறும், அலையும், கறுப்புத் தூள் விழும். அதே முனையில தொடரலாம்னு நினைக்காதீங்க. அழுக்கு ஏறின பகுதியை உடைச்சுட்டு மறுபடி சீவுங்க. பத்து டங்ஸ்டனை ரெண்டு முனையும் சீவி வச்சுட்டு உக்காந்தா எரிச்சல் இருக்காது. 5356ல லேசா ஒரு கரி படியும், அது மெக்னீசியம். பிரஷ்ல போயிட்டா கவலையில்ல. வெல்டே கறுத்திருந்தா கேஸ் பிரச்சனை.

லுங்கி, செருப்போட உக்காராதீங்க. பளபளன்னு இருக்கற தகட்டுல இருந்து புற ஊதாக் கதிர் திரும்பி ஹெல்மெட்டுக்குக் கீழ கழுத்துல அடிக்கும், சாயங்காலம் தோல் எரியும். காட்டன் சட்டை, கழுத்துப் பட்டன் போட்டு. கண்ணாடி 10 இல்ல 11ஆம் ஷேடு.

இன்னொண்ணு. நீங்க இதைக் கத்துக்கிட்டீங்கன்னு தெரிஞ்சா பக்கத்து வீட்டுல இருந்து குக்கர் வரும். வாங்காதீங்க. பிரஷர் குக்கர், ஏணி, பைக் ஸ்விங் ஆர்ம் எதுவும் வேண்டாம். 6061 டி6 மாதிரி கடினப்படுத்தின அலுமினியம் வெல்டு பக்கத்துல கிட்டத்தட்ட பாதி பலத்தை இழந்துரும், பாக்க எவ்வளவு அழகா இருந்தாலும்.

சரி, நேத்து போட்ட ரெண்டு துண்டை வைஸ்ல பிடிச்சு மடக்கப்போறேன். ஒண்ணு நல்லா துடைச்சது, ஒண்ணு துடைக்காம வேணும்னே போட்டது. சுத்தியல் குடுக்கறேன். முதல் துண்டு, பாருங்க, வளையுது. வெல்டு ஒட்டியே இருக்கு. ரெண்டாவது... ரெண்டே அடி. உள்ள பாருங்க, கேமராவைக் கிட்ட கொண்டுவர்றேன், பன்னு மாதிரி ஓட்டை. மேல இருந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல. உங்க துண்டையும் மடக்கிப் பாத்துட்டு எங்க உடைஞ்சதுன்னு கீழ எழுதுங்க. மூலை வெல்டு அடுத்த வீடியோவுல. சிலிண்டர் வால்வை மூடிட்டு பேனைப் போட்டுக்கறேன்.