தலைப்பிரட்டையும் மதகும்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வரும் வழியில் பாமணி ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினேன். நாற்றங்கால் ஓரம் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள். ஒன்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது, வாலும் அப்படியே இருந்தது. அந்தக் காலை வளர்ப்பதும், பிறகு வாலைக் கரைப்பதும் ஒரே தைராய்டு ஹார்மோன்தான். 1912-லேயே குடர்னாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரைத் தைராய்டை ஊட்டி, அவை நாள் வருமுன்னே தவளையாவதைக் கண்டார்.

ஒரே ஹார்மோன் எப்படி ஓரிடத்தில் வளர்க்கிறது, இன்னோரிடத்தில் கரைக்கிறது? மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் கடைமடை நனைந்துவிடுமா? மதகு திறக்க வேண்டாமா? செல்லின் உட்கருவில் அப்படி மதகுகள் இருக்கின்றன. ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு மரபணுவை இயக்கும் புரதங்கள் அவை, உட்கரு ஏற்பிகள் என்று பெயர். மனிதருக்கு 48. ஈஸ்ட்ரோஜன், கார்டிசால், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் இந்தக் குடும்பத்தில் ஏற்பி உண்டு. எந்த மதகு எந்த வயலுக்கு என்பதை அந்தந்தச் செல்தான் தீர்மானிக்கிறது.

தைராய்டு ஏற்பியில் ஒரு விசேஷம். ஹார்மோன் வராதபோது அது சும்மா இருப்பதில்லை. மரபணுவின் மேல் உட்கார்ந்து அதை அடைத்தே வைக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பியின் உருவம் மாறுகிறது, அடைத்த புரதங்கள் விலகுகின்றன, திறக்கும் புரதங்கள் சேர்கின்றன.

தைராய்டு சுரப்பியே இல்லாமல் பிறக்கும் எலிக்குட்டிகள் பால்குடி மறக்கும் பருவத்தில் இறந்துவிடும். அவற்றில் தைராய்டு ஏற்பியின் ஆல்ஃபா வகையையும் நீக்கிப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டன! ஹார்மோன் இல்லாததைவிட, ஹார்மோனுக்காகக் காத்துக்கொண்டு மூடிய கதவுதான் அதிகம் கெடுத்திருக்கிறது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? சுரப்பி சரியில்லாமல் பிறக்கும் குழந்தையின் மூளையிலும் இதே கதவுகள் மூடிக் கிடக்கின்றன. பார்த்தால் கொழுகொழு என்றிருக்கும், அழாமல் தூங்கும், ‘சமத்துப் பிள்ளை’ என்போம். அதனால் பிறந்து 2, 3 நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு, பார்க்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். மருத்துவர் சொன்ன அளவு மாத்திரையைக் கரண்டியில் பொடித்து, இரண்டு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவினால் போதும்.