ஜிப்சம் போடும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். கோதுமை வயலில் திட்டுத் திட்டாக முளைப்பு இல்லையென்றால், "மண்ணில் உப்பு ஏறிவிட்டது, ஜிப்சம் போடு" என்று யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் உள்ள ஒரு கனிமம். பல சமயம் அது வீண் செலவு. தமிழில் உவர், களர் என்று இரண்டு சொல் இருக்கிறது. பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். மண்ணுக்கு அவை வேறு வேறு நோய்.

உவர் மண்ணில் கரையும் உப்பு மிகுதி. மேலே வெள்ளையாகப் பூக்கும். களர் மண்ணில் தொல்லை தருவது களிமண்ணோடு ஒட்டிய சோடியம். கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டும். நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு போல இறுகும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை மெல்ல உள்ளே விடுங்கள். கலக்காதீர்கள். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் களர் இல்லை. சுற்றிலும் பால் ஊற்றியது போல மங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் களர்தான். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பே களிமண்ணைப் படியவைத்து ஏமாற்றிவிடும். உப்பும் சோடியமும் சேர்ந்திருக்கும் மண்ணும் இதில் தப்பித்துக்கொள்ளும். அதனால் மண் பரிசோதனை அவசியம். எத்தனை டன் ஜிப்சம் என்பதும் அதில்தான் தெரியும்.

வெறும் உவர் என்றால் ஜிப்சம் தேவையில்லை. வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். உப்பின் அளவைக் காட்டுவது மண்சாற்றின் மின் கடத்தும் திறன். அது மீட்டருக்கு 6 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் கோதுமை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 7 சதவீதம் மகசூல் போகும்.

களருக்குத்தான் ஜிப்சம். அதன் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெளியேறிய சோடியம் தண்ணீரோடு இறங்க வேண்டும். வடிகால் இல்லையென்றால் எங்கே போகும்? அங்கேயேதான் கிடக்கும். ஜிப்சம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம்தான் கரையும் என்பதால், பொடியாக்கி, மேல் 10 சென்டிமீட்டரில் மட்டும் கலந்து, வரப்பு கட்டி 10, 15 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். ஆழ உழுது புதைத்தால் மேல்மண்ணுக்குப் போதாமல் போகும்.

சுண்ணாம்பிலும் கால்சியம்தானே என்று கேட்பார்கள். களரில் அது கரையாது. மண்ணிலேயே சுண்ணாம்பு இருந்தால் கந்தகம் போடலாம். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கிச் சுண்ணாம்பைக் கரைக்கும். என்ன, சில வாரம் பொறுக்க வேண்டும். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும் நல்ல துணை.

அப்புறம், விதைத்த மூன்று வாரத்தில் வரும் முதல் தண்ணீர். களர் திருந்திவரும் வயலில் அதை ஒல்லியாக விடுங்கள். ஒரு நாளைக்கு மேல் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி, பயிர் மஞ்சளாகும். அதைப் பார்த்து யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள். முதலில் தண்ணீரை வடியுங்கள். வணக்கம்.