தறிச் சத்தத்துல கேக்குது, வீட்லதான் கேக்கல

சேலம், ஏற்காடு பக்கம் கேட்டுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் காது மூக்கு தொண்டை டாக்டர்.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கமிருந்து வர்ற பொம்பளைங்க சில பேரு சொல்வாங்க, தறி ஓடுறப்ப பக்கத்துல பேசுறது நல்லாவே கேக்குதுங்க, வீட்டுக்கு வந்து அமைதியா உக்காந்தாதான் புள்ளைங்க பேசுறது புரியலன்னு. வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க, வேணும்னே கேக்காத மாதிரி இருக்கான்னு திட்டு வேற விழும். பாவம், அவங்க சொல்றது முழுக்க நெஜம். தறிக்கிட்ட எல்லாரும் கத்தித்தான் பேசுவாங்க, அந்த இரைச்சல் இவங்க காதுக்குள்ள கம்மியா போறதால கத்துற குரல் தெளிவா விழுது, அவ்ளோதான்.

காது ஜவ்வுக்குப் பின்னாடி மூணு எலும்பு இருக்குங்க, சுத்தி, பட்டறை, அங்கவடி. கடைசியா இருக்கிற அங்கவடி 3 மில்லிமீட்டர்தான், உடம்புலயே சின்ன எலும்பு. அது அதிர்ந்தாதான் சத்தம் உள்காதுக்குப் போகும். சில பேருக்கு அதோட அடியில புது எலும்பு வளர்ந்து அத அசைய விடாம புடிச்சுக்கும், ஓட்டோஸ்கிளிரோசிஸ்னு பேரு. பரம்பரையா வரலாம், பொம்பளைங்களுக்கு அதிகம், இருபது முப்பது வயசுல ஆரம்பிக்கும், சில பேருக்கு பிரசவத்த ஒட்டி கூடிருச்சும்பாங்க. வலி இருக்காது, சீழ் வராது, லைட் அடிச்சு பாத்தா ஜவ்வும் நல்லாத்தான் தெரியும், அதனாலயே வருஷக்கணக்கா சொட்டு மருந்தும் காய்ச்சின எண்ணெயும் ஊத்திக்கிட்டே இருக்காங்க, தயவுசெஞ்சு ஊத்தாதீங்க, அது அந்த எலும்பு வரைக்கும் போகவே போகாது.

தறி இரைச்சலால நரம்பு கெட்டு வர்ற செவிடு வேற, அங்கவடிக்கு செய்யிற ஆபரேஷன் அதுக்கு ஒதவாது. எதுன்னு கண்டுபுடிக்க ட்யூனிங் ஃபோர்க்னு ஒரு இரும்புக் கவைய தட்டி காதுக்குப் பின்னாடி எலும்புல வெப்போம், அப்புறம் காதுக்கு முன்னாடி புடிப்போம். நல்ல காதுன்னா முன்னாடிதான் சத்தமா இருக்கும். பின்னாடி வெக்கிறப்பதான் சார் நல்லா கேக்குதுன்னு சொன்னா அங்கவடி புடிச்சிருக்கோன்னு எங்களுக்கு சந்தேகம் வந்துரும், அப்புறம் எவ்ளோ கேக்குதுன்னு அளக்குற ஆடியோகிராம் எடுப்போம்.

அங்கவடி ஆபரேஷன் 1956ல அமெரிக்காவுல ஜான் ஷே செஞ்சு காட்டினது. இப்ப காது துவாரம் வழியாவே போயி ஜவ்வ மடக்கிட்டு, அங்கவடியோட மேல் பாகத்த எடுத்துட்டு, அடித்தட்டுல 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்ட போட்டு, பட்டறை எலும்புல ஒரு குட்டி பிஸ்டன மாட்டி விடுவோம். மரத்துப்போற ஊசி போட்டே செய்யலாம், அதனால டேபிள்ல படுத்திருக்கிறப்பவே கேக்குதுங்கன்னு சொல்லி அழுதவங்க உண்டு.

ஆனா மறைக்காம சொல்லணும். நூத்துல ஒருத்தருக்கு கொஞ்சநஞ்சம் கேட்டுக்கிட்டிருந்ததும் போயிரலாம். கொஞ்ச நாள் தலசுத்தல், நாக்குல ருசி மாறுறது இதெல்லாம் வரலாம். அதனால ரெண்டு காதையும் ஒரே நேரத்துல தொட மாட்டோம், மோசமான காது மொதல்ல. ஆபரேஷன் முடிஞ்சதும் மூக்க பலமா சிந்தக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, டாக்டர் சொல்ற வரைக்கும் ஏற்காடு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏற வேணாம், காத்தழுத்தம் மாறுறது ஆகாது. மலை மேலயே வீடுன்னா முன்கூட்டியே சொல்லிருங்க, கீழ சொந்தக்காரங்க வீட்ல தங்கிக்கலாம்.

பயமா இருந்தா காது மிஷினே போதும், நரம்பு நல்லா இருக்கிறதால இவங்களுக்கு மிஷின் ரொம்ப நல்லா வேலை செய்யும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இது இருந்து, உங்களுக்கும் கேக்குறது கொறஞ்ச மாதிரி இருந்தா, ஜி.எச்.லயே காது மூக்கு தொண்டை பிரிவுல ஒரு தடவ காட்டிருங்க.