விரல் வீங்கும் முன்பே ரத்தத்தில் தெரிவது என்ன?

(திரையில்: முக்கூடல். ஒரு வீட்டுத் திண்ணை. மடியில் சுளவு, அதில் பீடி இலையும் தூளும்.)

முக்கூடல், மேலப்பாளையம், கடையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களிடம் விரல் வலியைப் பற்றிக் கேட்டால், "வேலை செய்யிற கை வலிக்கத்தான் செய்யும்" என்பார்கள். பக்கத்தில் இருப்பவர், "கத்திரிக்காய் சாப்பிட்டியளா மதினி, வாயுவா இருக்கும்" என்பார். பெரும்பாலும் முதல் பதில்தான் சரி. நாள் முழுக்க இலையை மடக்கி நூல் சுற்றிய விரல் சாயங்காலம் வலிக்கும், தூங்கி எழுந்தால் தணியும்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் இதற்கு நேர் எதிர். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. இலை வெட்டும் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழையாது. அரை மணி, ஒரு மணி நேரம் கையை அசைத்த பிறகுதான் இளகும். பெரும்பாலும் இரண்டு கையிலும் வரும்.

நாம் பார்க்கப் போவது அதற்கும் முந்தைய கட்டம். வலி இருக்கும், வீக்கம் இருக்காது.

(திரையில்: ரத்தக் குழாய், ஒய் வடிவ ஆன்டிபாடிகள்.)

நெதர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் முடக்குவாதம் வந்தது. முன்பு சேமித்து வைத்த அவர்களுடைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். 2004இல் முடிவு வந்தது: ஏறத்தாழ பாதிப் பேருக்கு, அறிகுறி தொடங்கும் முன்பே ஆன்ட்டி-சிசிபி அல்லது ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ஆன்டிபாடி, அதாவது நம் உடம்பையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம், இருந்திருக்கிறது, அதுவும் பல வருடங்களுக்கு முன்பே.

சரி, ஆன்டிபாடி இருக்கிற எல்லோருக்கும் நோய் வருமா? வராது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று பிரிக்கத்தான் ஜீன்களின் செயல்பாட்டைப் பார்க்கிறார்கள்.

ஜீன் பிறக்கும்போதே வந்தது, அப்படியே இருக்கும். அதன் செயல்பாடு அப்படியல்ல. வீட்டின் ஒயரிங் ஒன்றுதான், ஆனால் மீட்டர் ஓடும் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் இல்லையா? ஜீன் ஓடும்போது உருவாகும் நகல்தான் ஆர்என்ஏ. ரத்தத்தில் உள்ள ஆர்என்ஏவை அளப்பது அந்த மீட்டரைப் பார்ப்பது மாதிரி. ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், அதைக் காக்கும் மருந்து கலந்த தனிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள்.

(திரையில்: செல்லின் மேல் ஏற்பி, உள்ளே ஜாக், ஸ்டாட், நடுவில் உட்கரு.)

1957இல் கண்டறியப்பட்ட இன்டர்ஃபெரான், வைரஸ் வந்தால் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் எச்சரிக்கை. அது செல்லின் ஏற்பியில் ஒட்டியதும் ஜாக் என்ற என்சைம்கள் விழிக்கும். அவை ஸ்டாட் புரதங்களை முடுக்கிவிடும். ஸ்டாட் உட்கருவுக்குள் போய் எம்எக்ஸ்1, ஐஎஃப்ஐ44எல் போன்ற ஜீன்களை ஓடவிடும். மூட்டுவலியும் ஆன்டிபாடியும் இருந்து வீக்கம் இல்லாதவர்களில், இந்த ஜீன்கள் அதிகமாக ஓடுபவர்களுக்குப் பிறகு மூட்டழற்சி, அதாவது மூட்டு வீக்கம், வரும் வாய்ப்பு கூடுதல் என்று நெதர்லாந்து ஆய்வுகளில் தெரிந்தது. ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளணு வகையான பி செல் சார்ந்த ஜீன்கள் குறைவாக ஓடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கணிப்பு இன்னும் துல்லியமாகிறது.

இது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டெங்கு, சிக்குன்குனியா, ஏன், சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இதே ஜீன்கள் எகிறும். 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு வலித்தவர்களை நம் ஊரில் பலர் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் எடுத்த ரத்தத்தை வைத்து முடக்குவாதத்தைக் கணிக்க முடியாது. ஸ்டீராய்டு சாப்பிட்டால் மறுபக்கம்: எண் தணிந்து காட்டும். அதனால் இது இன்னும் ஆராய்ச்சிக்கூடச் சோதனைதான். யாராவது "ஜீன் டெஸ்ட் எடுத்துக்குங்க" என்று பெரிய பில்லோடு வந்தால் அவசரப்படாதீர்கள்.

முன்கூட்டியே தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். 2024இல் வெளியான ஒரு பரிசோதனையில், முடக்குவாதம் வரும் ஆபத்தில் இருந்த 213 பேரில் ஒரு பாதிக்கு, எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் அபாடசெப்ட் ஊசியை ஒரு வருடம் போட்டார்கள். வருட முடிவில் மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதம், எடுக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு மூட்டழற்சி வந்திருந்தது. ஊசியை நிறுத்தி இன்னொரு வருடம் கழிந்தபோது அது 25 சதவீதம், 37 சதவீதம் என்று ஆனது. நோய் தள்ளிப்போகிறது, அடியோடு தடுக்கிறதா என்பது வேறு கேள்வி.

அப்புறம், புகை. ஆன்ட்டி-சிசிபி உள்ள முடக்குவாதத்துக்கும் புகைபிடிப்பதற்கும் தொடர்பு உறுதியானது. பீடி சுற்றுவதை நான் சொல்லவில்லை, பிடிப்பதைச் சொல்கிறேன்.

காலை நேர விரல் இறுக்கம் சில வாரங்களாகத் தொடர்ந்தாலோ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ முடக்குவாதம் இருந்து உங்களுக்கும் விரல் வலித்தாலோ, திருநெல்வேலி ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ மூட்டு நோய் மருத்துவரிடமோ போய், ஆன்ட்டி-சிசிபி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். ரொம்ப நாள் சாப்பிட்டிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்த வேண்டாம்.