ஸ்விஃப்ட் வேலைக்கு எந்த பிராண்டு ஸ்பானர்? சேலம் தம்பியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. சேலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணே, பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது எல்லாம் நானே செய்ய ஆசை. கையில் 5000 ரூபாய் இருக்கிறது. டபாரியா வாங்கலாமா, ஸ்டான்லி வாங்கலாமா, இல்லை ஆன்லைனில் வரும் 108 பீஸ் செட்டையே வாங்கிவிடலாமா?"

தம்பி, அந்த 108 பீஸை முதலில் தள்ளி வையுங்கள். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தால் அதில் நிறைய, ஸ்க்ரூ திருப்புகிற முனைகளான குட்டி குட்டி பிட்டுகளாகத்தான் இருக்கும். உங்கள் வண்டி ஜப்பான் வழியில் வந்தது. 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் என்ற ஆறு சைஸ் இருந்தால் வீட்டில் செய்கிற வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு 13, 16, 18 வேண்டும், நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டும் வேண்டும்.

இப்போது பிராண்டுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் ஒரே பிராண்டு என்று யோசிக்காதீர்கள். நட்டைக் கவ்வுகிற சாமானுக்குப் பணத்தைப் போடுங்கள். சுத்தியல், எக்ஸ்டென்ஷன் ராடு, ஆயில் பிடிக்கிற தட்டு, ஃபில்டர் கழற்றுகிற பெல்ட் இதெல்லாம் எந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் தொழில் கற்ற காலத்தில் பிளாட்பாரத்தில் ஒரு ரிங் ஸ்பானர் வாங்கினேன். பார்க்க வெள்ளி மாதிரி பளபளப்பு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பில், ஆயிலை வடிக்கக் கழற்றுகிற பிளக்கில் மாட்டி ஒரு அழுத்து அழுத்தினேன், ஸ்பானர் வழுக்கிவிட்டது, பிளக்கின் ஆறு முனையும் மழுங்கிவிட்டது. அப்புறம் உளியும் சுத்தியலுமாகத் தட்டித்தான் அதைத் திருப்ப முடிந்தது. அரை மணி நேர வேலைக்கு ஒரு பகல் முழுக்கப் போனது, முதலாளியிடம் வாங்கியது தனி. ஸ்பானரில் மிச்சம் பிடித்ததை விடப் புது பிளக்குக்குக் கொடுத்தது அதிகம்.

அதனால் நட்டின் மேல் கிண்ணம் மாதிரி கவிழ்த்து மாட்டுகிற சாக்கெட்டை வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். 12 முனை இருந்தால் மாட்டுவது எளிது, ஆனால் நட்டின் மூலையை மட்டும்தான் பிடிக்கும். துருப்பிடித்த பழைய வண்டிக்கு 6 முனைதான் நல்லது. 6 முனையிலும் நல்ல சாக்கெட் என்றால் மூலை கூர்மையாக இருக்காது, கொஞ்சம் வளைத்து விட்டிருப்பார்கள். சுமை மூலையில் விழாமல் பக்கத்தில் விழும். அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் இதற்கு ஃபிளாங்க் டிரைவ் என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கியது. இன்றைக்கு நம் பட்ஜெட் சாக்கெட்டுகள் பலவற்றிலும் அந்த வடிவம் வந்துவிட்டது. ஸ்னாப்-ஆன் நமக்குத் தேவையா என்று கேட்டால், தினமும் அதில் சம்பாதிக்கிறவர்களுக்கு வேண்டுமானால் சரி.

குரோம் வெனேடியம் என்று பொறித்திருப்பதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அது என்ன எஃகு என்றுதான் சொல்லும். அதைச் சரியாகச் சூடாக்கிக் குளிர வைத்தார்களா என்று சொல்லாது. பதம் குறைந்தால் ஸ்பானரின் வாய் அகன்றுவிடும், பதம் கூடினால் பட்டென்று உடையும். நாம் பிராண்டுக்குக் கொடுக்கிற காசு இந்தப் பதத்துக்குத்தான்.

டபாரியா நாசிக்கில், சுவீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியது. உங்கள் பணத்துக்கு ஸ்பானர் செட்டும் பிளையரும் அதிலேயே எடுக்கலாம், நான் தயங்காமல் சொல்வேன். ஸ்டான்லி 1843இல் அமெரிக்காவில் பிறந்த பெயர். இன்றைக்குக் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பவை பல நாடுகளில் செய்தவை. ஆகவே ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். அதில் சாக்கெட்டை மாட்டித் திருப்புகிற கைப்பிடியான ராட்செட் நன்றாகச் சுற்றினால் தாராளமாக எடுக்கலாம்.

பழைய பட்டறைகளில் கெடோர் என்று பொறித்த ஸ்பானர் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் ரெம்ஷைடு ஊரில் டோவிடாட் சகோதரர்கள் 1919இல் ஆரம்பித்த கம்பெனி அது. ஜெர்மன் மொழியில் சகோதரர்கள் என்ற சொல், குடும்பப் பெயர், ஊர்ப்பெயர், மூன்றின் முதல் எழுத்துகளையும் ஒட்டி கெடோர் என்று வைத்தார்கள். பழைய இரும்புக் கடையில் வாய் அகலாத ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்க்ரூ டிரைவரில் ஒரு விஷயம். ஜப்பான் வண்டிகளின் பிளஸ் ஸ்க்ரூவில் ஜிஸ் என்று ஒரு ஜப்பானிய அளவுமுறை உண்டு. நம் ஊர் பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக இறங்காது, சுற்றும்போது மேலே தூக்கிக்கொண்டு வந்து பள்ளத்தைக் கெடுக்கும். ஒசாகாவின் வெஸல் கம்பெனி டிரைவர் ஒன்று இருந்தால் போதும். ஹோண்டா வைத்திருப்பவர்கள் முன் பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவை நினைத்துப் பெருமூச்சு விடுவது இங்கேயே எனக்குக் கேட்கிறது.

5000 ரூபாயையும் ஸ்பானரிலேயே செலவழித்துவிடாதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்க எடுத்து வையுங்கள். வண்டியோடு வருகிற ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பிரேக் பைப்பைக் கழற்ற வேண்டி வந்தால் சாதாரண ஸ்பானர் வேண்டாம், பைப் நுழைய இடம் விட்டு நட்டைச் சுற்றிப் பிடிக்கிற ஃபிளேர் நட் ஸ்பானர் என்று கேட்டு வாங்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளவு வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்சு இப்போதைக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். இறுக்க மட்டும்தான் அது, கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவை இருப்பதிலேயே குறைந்த எண்ணுக்கு இறக்கி வைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

ஸ்விஃப்ட் எந்த வருட மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். டேஷ்போர்டில் மேனுவல் இருந்தால் அதில் பாருங்கள், இல்லையென்றால் வருடத்தைக் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.