கயிறு வரும் வழியில் சைக்கிள் பாதை

அவையில் கூடியிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கமாகச் சைக்கிள் பாதை போடலாம் என்று யார் யோசித்தாலும் பென்சில் தானாகக் கடற்கரையில்தான் ஓடும். காணி சுவீகரிக்கத் தேவையில்லை, காட்சியும் நல்லது, உல்லாசப் பயணிகளும் வருவார்கள். வரைபடத்தில் அந்த இடம் வெறும் மணல். அங்கே வலை காய்வதும் வள்ளம் ஏறுவதும் வரைபடத்தில் விழுவதில்லை.

பாதையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் லொறிக்கும் கானுக்கும் நடுவில் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் "இந்த வழியால் வேண்டாம்" என்று ஒரு வரியில் மனு எழுதி, கீழே நூறு கையெழுத்து வைத்துக் கொடுத்தால் அது கந்தோர்க் கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். பாதையின் எத்தனையாவது மீற்றரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுங்கள். அதற்குப் பொறியியலாளர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கரைவலையை எடுத்துக்கொள்வோம். மாரி கழிந்து கடல் அடங்கியதும் பாடுகளில், அதாவது கரைவலை இழுக்கும் இடங்களில், வலை இறங்கும். வலையின் இரண்டு கயிறும் தள்ளித் தள்ளிக் கரைக்கு வரும். இழுக்கிறவர்கள் கயிற்றோடு பின்பக்கமாக நடப்பார்கள். முகம் கடலைப் பார்க்கும், பாதைக்கு முதுகு. கயிறு முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் விறைத்து நிற்கும். நனைந்து மணல் நிறத்தில் இருப்பதால் தூரத்தில் தெரியாது. மணிக்கு 20 கிலோமீற்றரில் வரும் சைக்கிள் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் போகும். கயிற்றைக் கண்டு, பிறேக் பிடித்து, நிற்பதற்கு உலர்ந்த கொங்கிறீற்றிலேயே 12, 13 மீற்றர் வேண்டும். மேலே மணல் படிந்திருந்தால் அதுவும் போதாது.

எச்சரிக்கைப் பலகை நாட்டுகிறோம் என்பார்கள். பலகை கயிற்றை உயர்த்தாது. பாடு உள்ள துண்டில் பாதையை மீனவர் வாடிகளுக்குப் பின்னால், றோட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வலை இழுக்கும் நேரம் அந்தத் துண்டை இரண்டு முனையிலும் மூட வேண்டும். இந்த இரண்டாவது வழி கடதாசியில் நன்றாகத்தான் இருக்கும். விடியற்காலையில் போய்த் தடுப்பை இழுத்து வைப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். வள்ளம் இழுக்கும் உழவு இயந்திரம் குறுக்கே போகும் இடங்களையும் குறித்துக் கொடுங்கள். சைக்கிளுக்கு 10 சென்ரிமீற்றர் கொங்கிறீற் தாங்கும். உழவு இயந்திரம் ஏறும் இடத்தில் 15 வேண்டும், அடியில் நன்றாக இறுக்கிய கிரவலும் வேண்டும். இன்டர்லொக் கல் என்றால் இரு ஓரமும் கல்கட்டு இல்லாமல் விடக்கூடாது. ஓரத்து மணல் கரைந்தால் ஒரு கல் இறங்கும், அடுத்த மாரிக்குள் வரிசையே இறங்கிவிடும்.

அடுத்தது வெள்ளம். எங்கள் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரையில் வாடைக்காற்றோடு கொட்டுகிற மழை. வளவுகளிலிருந்து கடலுக்கு இறங்குகிற தண்ணீருக்குக் குறுக்கே 20 சென்ரிமீற்றர் உயர்த்திப் பாதை போட்டால், பெயர்தான் பாதை, வேலை அணைக்கட்டின் வேலை. தண்ணீர் வீட்டுக்குள் ஏறும். மதகு போடுவோம் என்றால் குழாய் எத்தனை அகலம் என்று கேளுங்கள். 30 சென்ரிமீற்றர்க் குழாய் ஒரே மாரியில் மணலும் பொலித்தீனும் அடைத்துவிடும். மண்வெட்டி உள்ளே போகும் அளவாவது, 60 சென்ரிமீற்றர் வேண்டும். பாதையின் குறுக்குச் சரிவு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் இருந்தால் போதும். அது வீட்டுப் பக்கமா கடல் பக்கமா என்பதில்தான் விசயம் இருக்கிறது.

ஒழுங்கை வாய்களுக்கு வருவோம். மதில் பாதையோடு ஒட்டி நின்றால், ஓட்டோவின் மூக்கு வெளியே வந்த பிறகுதான் ஓட்டுகிறவருக்குப் பாதை தெரியும். மதிலின் மூலையில் இரண்டு மூன்று மீற்றர் நீளத்துக்கு உயரத்தை இடுப்பளவுக்குக் குறைக்கலாம், அல்லது பாதையை மதிலிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளலாம். இரு திசையும் போக அகலம் 3 மீற்றர் வேண்டும். இரண்டரைக்குக் கீழே இறங்க விடாதீர்கள். முனையில் நாட்டும் தூண்களுக்கு இடைவெளி 1.2 மீற்றர். ஓட்டோவின் அகலம் ஏறக்குறைய 1.3 என்பதால் நுழையாது. மோட்டார் சைக்கிளைத் தூணால் தடுக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர் சைக்கிளையும் சேர்த்துத் தடுக்கப் போகிறார். கான் மூடியின் துளைகள் பாதைக்குக் குறுக்காக இருக்கட்டும். எங்கள் 28 அங்குலச் சக்கரத்து டயரே ஒன்றரை அங்குலந்தான், நீளவாட்டுத் துளையில் அப்படியே இறங்கிவிடும்.

கோட்டைப் பக்கம் திரியும் மான்களையும் ஒரு வரியில் எழுதுங்கள். டச் பே கடற்கரைப் பக்கம் அவை இரவில் விளக்குக்கும் ஒதுங்காது, மணிச் சத்தத்துக்கும் ஒதுங்காது.

இனிக் கடதாசி வேலை. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி அதற்குள் கட்டுமானத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும், பாதையின் நீளவாட்டு வரைபடத்தையும், மதகுகளின் பட்டியலையும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வரைபடம் கையில் வந்ததும் அளவு நாடாவும் சுண்ணாம்புத் தூளும் எடுத்துக்கொண்டு கரையில் பாதை வரும் வழிக்குக் கோடு போட்டுப் பாருங்கள். வலை இழுக்கிற காலையில் ஒருமுறை, கடும் மழைக்கு மறுநாள் ஒருமுறை. இரண்டு நாளும் படம் எடுத்து, படத்தின் கீழே மீற்றர் எண்ணை எழுதி மனுவோடு இணையுங்கள். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.